அவன் பதில் போடாத வரை

ஆமை என்று எல்லோரும் கூப்பிடுகிற லேப் நண்பன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்ததுமே அவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. பாக்டீரியா வளர்க்கிற சூடான ஆகார் கூழ் பாட்டிலைச் சாய்த்து, வட்டத் தட்டுகளில் ஒவ்வொன்றாக ஊற்றிக்கொண்டிருந்தாள். மெதுவாக ஊற்றினால் பாட்டிலுக்குள்ளேயே கட்டிக்கொள்ளும், அவசரப்பட்டால் தட்டில் குமிழி விழும். இந்த லேபில் சேர்ந்த நாளிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலைதான். இன்றைக்கு ஊற்றியதில் பாதி தட்டுகள் குமிழியும் கோணலுமாக, குப்பைக்குப் போகத்தான் லாயக்காக இருந்தன.

“ரெண்டு இடத்துக்கும் இன்னும் பதில் போடலை,” என்றான், ஏதோ துணி துவைக்காமல் விட்டதைச் சொல்வதுபோல.

“இன்னைக்குத்தானேடா கடைசி நாள்?”

“சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு.”

எதையும் கடைசி நிமிஷத்துக்கு இழுப்பதால் வந்த பெயர்தான் ஆமை. அவனும் அதைப் பட்டம்போல ஏற்றுக்கொண்டு, தன் பிப்பெட்டின் மேலேயே ஆமை என்று எழுதி ஒட்டியிருந்தான். மற்ற நாளாக இருந்தால் அவளும் இரண்டு வார்த்தை கேலி செய்திருப்பாள். இன்றைக்குத் தலை நிமிராமல் அடுத்த தட்டை எடுத்தாள். அவன் பதில் போடாத வரை அவளுக்குப் பதில் வராது. இது உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும், அல்லது அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இருவரும் பி.எச்டி-க்கு ஒரே பேராசிரியையிடம் விண்ணப்பித்திருந்தார்கள். மருந்து பட்டதும் சில பாக்டீரியாக்கள் சாகாமல் அசைவற்றுக் கிடந்து, மருந்து தீர்ந்தபின் எழுந்துகொள்கின்றன. அது எப்படி என்பதுதான் அந்த அம்மாளின் ஆராய்ச்சி, இவர்கள் இருவரும் இந்த லேபில் செய்ததும் அதையேதான். சின்ன லேப், இந்த வருஷம் ஒரே ஒரு இடம். அது அவனுக்குக் கிடைத்தது. கூடவே வேறொரு ஊரில் பேர்போன பெரிய லேபிலும் கிடைத்தது. அவளுக்கு எல்லா இடத்திலிருந்தும் இல்லை என்று வந்தது, அந்த அம்மாளிடமிருந்து மட்டும் வேறு மாதிரி: இடம் ஒருவருக்குத் தரப்பட்டிருக்கிறது, அவர் வேண்டாம் என்றால் அடுத்தது நீங்கள், அதுவரை வெயிட்டிங் லிஸ்டில் இருப்பீர்கள்.

அந்த மெயிலை அவள் படித்து முடிப்பதற்குள் ஆமை கையில் கேக்கோடு வந்துவிட்டான். எல்லோரும் கைதட்டினார்கள். “உனக்கு என்ன ஆச்சு?” என்று அவன்தான் கேட்டான், அத்தனை முகமும் இவள் பக்கம் திரும்பியது. உண்மையைச் சொன்னால் அந்தக் கேக் யார் தொண்டையிலும் இறங்காது. “எனக்கு இல்லேன்னுட்டாங்க,” என்று வாய் முந்திக்கொண்டது. சொன்ன கையோடு ஒரு துண்டு கேக்கையும் வாங்கித் தின்றாள்.

அதற்குப் பிறகு அதைத் திருத்த நேரமே வாய்க்கவில்லை. வாய்த்தபோது பயமாக இருந்தது. சொன்னால் அவன் இளகிப்போய் இடத்தை விட்டுக்கொடுத்துவிடுவான், காலமெல்லாம் அவன் பிச்சையாகப் போட்ட இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். விட்டுக்கொடுக்கவில்லை என்றால் அவன் முகத்தில் எப்படி விழிப்பது? அப்பாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர், ஆள் நிற்கிற வரிசையெல்லாம் அவருக்கு அத்துப்படி. “முன்னாடி ஒரே ஒருத்தர்தானேம்மா? அப்ப வந்த மாதிரிதான்,” என்று தெம்பாகச் சொன்னார். அந்த ஒருத்தர், தங்கள் வீட்டில் ஃப்யூஸ் போனபோது அவருக்கு டார்ச் பிடித்த பையன்தான் என்பதை அவள் சொல்லவில்லை.

பி.எச்டி-க்கு அவள் விண்ணப்பிப்பது இது மூன்றாவது முறை. லேபை நடத்துகிற சார் இந்த வருஷத்தோடு ஓய்வு பெறுகிறார், அவரோடு லேபும் மூடப்படும். அவளுடைய வேலையும் போகும். அவளுக்காகச் சிபாரிசுக் கடிதம் எழுதித்தர இனி ஆளில்லை. போன வாரம் ஆமைக்குக் காய்ச்சல் என்று தெரிந்தபோது, ரொம்ப நாள் படுத்துவிட்டால் பதில் போட மறந்து, இடம் தனக்கு வந்துவிடும் இல்லையா என்று ஒரு நினைப்பு ஓடியது. பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தவள் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தன்னைக் கண்டே பயப்பட வேண்டிய நிலைமை வரும் என்று அவள் அதுவரை நினைத்ததில்லை.

“நீ சொல்லு,” என்றான் ஆமை. “யோசிச்சு யோசிச்சு மண்டை காஞ்சு போச்சு. எங்க போகட்டும்? நீ எதைச் சொல்றியோ அதுக்கு ஓகே போட்டுட்டு இன்னொண்ணை வேண்டாம்னுடறேன்.”

அவள் பாட்டிலைக் கீழே வைத்தாள். அவனுக்கு எது சரி என்று அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. பெரிய லேபில் நாற்பது பேர். பேராசிரியர் முகத்தை வருஷத்துக்கு நாலு தடவை பார்த்தால் அதிகம். அங்கே இவன் இன்று நாளை என்று இழுத்தே காணாமல் போவான். அந்த அம்மாளோ தினமும் ஸ்டூல் போட்டு மாணவர்கள் பக்கத்தில் உட்காருகிறவர். அவனுடைய நேர்காணலின்போது அவனும் அவரும் ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு சண்டை போட்டுச் சிரித்த சத்தம் வராந்தா வரை கேட்டது.

“பெரிய லேபுக்கே போ,” என்றாள். “பேர் இருக்கு, காசு ஜாஸ்தி. எந்த மெஷின் கேட்டாலும் கிடைக்கும். சின்ன லேபுல அந்த மேடத்துக்கு நாளைக்கே கிராண்ட் பணம் நின்னு போச்சுன்னா நடுத்தெருவுலதான் நிக்கணும்.”

எதுவும் பொய்யில்லை. குரல் பிசிறவில்லை. கையைப் பார்த்தாள், நடுக்கம்கூட நின்றிருந்தது. அதை மேஜைக்கு அடியில் இறக்கிக்கொண்டாள்.

ஆமை கோணலான தட்டுகளை ஒரு ஓரமாக அடுக்கினான். பிறகு, “சார் போன வாரமே சொல்லிட்டார்,” என்றான்.

“என்னத்தை?”

“நீ வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கறதை. மேடம் அவருக்கு எழுதியிருக்காங்க. எனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சு சொல்லிட்டார்.”

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், குமிழி விழுந்த தட்டு ஒன்றை எடுத்து மூடினாள்.

“தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டியா?”

“இன்னைக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு தினமும் பாத்தேன். அதுக்காகத்தான் பதிலே போடாம இழுத்தேன். எனக்கு இழுக்கறது ஒண்ணும் கஷ்டமில்லையே.” சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. “நீ வாயத் திறந்து கேட்டிருந்தா...” என்று ஆரம்பித்து அதையும் பாதியில் விட்டான்.

“நான் இப்ப சொன்னதை விட்டுடு,” என்றாள் அவள். வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. “உனக்கு மேடம் லேபுதான் சரி. பெரிய இடத்துல நீ தொலைஞ்சு போயிடுவேடா. சத்தியமாச் சொல்றேன், நீ அங்கதான் போகணும்.”

அவன் அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். “இதுல நான் எதை நம்பறது?”

கோபமாகக் கேட்கவில்லை, கேலியாகவும் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டான். தான் இப்போது சொன்னது அவன் நல்லதுக்கா, இல்லை, இப்படிச் சொன்னால் அவன் மனம் இளகி விட்டுக்கொடுப்பான் என்று உள்ளே ஏதோ கணக்குப் போட்டதா? தோண்டிப் பார்த்தாள். தெரியவில்லை. இதற்கு முன்னால், இத்தனை வாரமும் பயந்ததெல்லாம் ஒன்றுமேயில்லை என்று தோன்றியது.

ஆமை எழுந்து லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கதவின் கண்ணாடி வழியாக, அவன் மாடிப்படியில் போய் உட்காருவது தெரிந்தது. முதுகு இந்தப் பக்கம். மடியில் லேப்டாப்பைத் திறந்தான். கேஸ் சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஒரு ஆள் கீழேயிருந்து ஏறி வந்தார். ஆமை கால்களை மடக்கி, லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சுவரோடு ஒட்டி அவருக்கு வழி விட்டான். அவர் போனபின் மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டான். தோள்பட்டை லேசாக அசைந்தது, பதில் எழுதுகிறான். நின்றது. பிறகு மறுபடியும் அசைய ஆரம்பித்தது.