காட்சிக்கு நின்ற வண்டி

"எடு வண்டியைங்கறேன்..."

"எதை எடுக்கச் சொல்ற? உள்ள ஒரு சொட்டுத் தண்ணி..."

"போற வழியில ரொப்பிக்கலாம், முதல்ல நீ ஏறு..."

"வெர்னா, சொல்றதைக் காதுல வாங்கு. பாத்திரம் அத்தனையும் துடைச்சு..."

"துடைச்சது யாரு? நீ!"

"துடைக்கச் சொன்னது யாரு? நீ!"

அக்காவும் தம்பியும் மண்டபத்தின் நட்டநடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அக்கா என் நாத்தனார் வெர்னா டூடெக், எங்கள் ஊர்த் தீயணைப்பு அபிமானிகள் சங்கத்தின் தலைவி. தம்பி என் வீட்டுக்காரர் க்ளெம், சங்கத்து வண்டியை ஓட்டுபவர். இவர்கள் சண்டையை விலக்க அங்கே ஆளில்லை. மாநாட்டுக்கு வந்திருந்த முந்நூறு பேரும் வாசலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு குட்டி ரேடியோ. அத்தனை ரேடியோவும் ஒரே பெண்குரலில் சொல்லிக்கொண்டிருந்தன: ஸ்லேட் தெரு, பழைய மெத்தைத் தொழிற்சாலை, மூன்றாம் அபாய மணி.

மூன்றாம் மணி என்றால் எங்கள் ஊர்த் தீயணைப்பு வண்டிகளில் முக்கால்வாசி அங்கே போய்விட்டன என்று பொருள். முதல் மணிக்கே போன ஏணி வண்டியில் வெர்னாவின் மகன் லென்னி இருந்தான்.

எங்கள் சங்கத்தில் ஒருவர்கூடத் தீயணைப்பு வீரர் இல்லை. ஒருவருக்குக் கண் சரியில்லை, ஒருவருக்கு உயரம் போதவில்லை, நானும் வெர்னாவும் பெண்களைச் சேர்க்காத அந்தக் காலத்தில் பெண்ணாய்ப் பிறந்துவிட்டோம். ஆனாலும் தீயணைப்பு என்றால் எங்களுக்கு உயிர். எங்கே தீப்பிடித்தாலும் காபியும் குளிர்ந்த தண்ணீரும் சாண்ட்விச்சும் ஏற்றிக்கொண்டு எங்கள் வண்டி போய் நிற்கும். அதன் பக்கவாட்டில் வரிசையாகக் கொக்கிகள். புகையிலிருந்து வெளியே வருகிறவர் தன் பெயர் வில்லையை அதில் மாட்டிவிட்டு உட்கார வேண்டும், குடிக்க வேண்டும். வெர்னா அவர் முகத்தைப் பார்த்து "சரி, போ" என்றால்தான் வில்லையைக் கழற்றிக்கொண்டு திரும்ப உள்ளே போகலாம். அது துறையின் சட்டம் இல்லை, வெர்னாவின் சட்டம். கேப்டன்கள்கூட அதை மீறியதில்லை.

தீயணைப்பு அபிமானிகளின் மாநாடு அந்த ஆண்டுதான் முதல்முறையாக நடத்துவதற்கு எங்கள் கைக்கு வந்தது. அதில் சிறந்த வண்டிக்கு ஒரு கோப்பை உண்டு. நடுவர்கள் வெள்ளைக் கையுறையால் தடவிப் பார்ப்பார்கள். ஒரு சொட்டு ஒழுகினாலும் மதிப்பெண் போய்விடும். அதனால் முந்தின நாளே தண்ணீரை வடித்து, ஐஸ் பெட்டியை இறக்கி, காபிப் பாத்திரங்களின் உட்புறத்தைக்கூட க்ளெம் என்னுடைய தலைமுடி உலர்த்தியை வைத்துக் காயவைத்து, வண்டியை மண்டபத்துக்குள்ளேயே ஏற்றி நிறுத்தியிருந்தார். அது கண்ணாடி மாதிரி மின்னியது. உள்ளே ஒன்றுமில்லை.

"சரி, பக்கத்து ஊர்ச் சங்கத்தைக் கூப்பிடு," என்றாள் வெர்னா. "அவங்க வண்டி அரை மணியில வந்துரும்."

"அவங்க வண்டியா? திரும்பிப் பாரு."

திரும்பிப் பார்த்தாள். பக்கத்து ஊர் வண்டி எங்கள் வண்டிக்குப் பின்னாலேயே நின்றது. அதற்குப் பின்னால் அடுத்த ஊர் வண்டி. ஏரிக்கரை நெடுக எத்தனை ஊரில் எத்தனை வண்டி உண்டோ அத்தனையும் எங்கள் மண்டபத்தில் வரிசையாக, துடைத்து வைத்த தட்டுகளைப் போல நின்றன. எல்லாம் காலி.

வெர்னா ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரையுமா கூப்பிட்டோம்?"

"மாநாடுன்னா எல்லாரையும்தானே கூப்பிடுவாங்க," என்றார் க்ளெம்.

அன்றைக்கு அடித்த வெயில் சாதாரண வெயில் இல்லை. நாயைக்கூட வெளியே கட்டாதீர்கள் என்று காலையிலேயே ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். அந்த வெயிலில், அந்தக் கனத்த கோட்டில், முதுகில் காற்று உருளையோடு மனிதர்கள் நெருப்புக்குள் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

வெர்னா மேஜையை விட்டாள். அதன்பிறகு அவள் நடக்கவே இல்லை, ஓடினாள்.

"டெல்லா, சமையல்கட்டுல என்ன இருக்கு?"

"ஐஸ் டீ ரெண்டு அண்டா. எலுமிச்சை ஜூஸ். குழாய்த் தண்ணி."

"ஐஸ்?"

"டீயில போட்டாச்சு. மிச்சம் இருக்கறது அதுதான்."

அது என்று நான் காட்டியது விருந்து மேஜையின் நடுவில் இருந்தது. ஐஸ் கட்டியில் செதுக்கிய தீயணைப்புத் தலைக்கவசம், ஒரு தொட்டி அளவுக்குப் பெரியது. நெற்றியில் சங்கத்தின் பெயர்கூடத் தெளிவாக இருந்தது. மதியம் முழுக்க அதன்முன் நின்று எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள். சிறப்பு விருந்தாளிக்குத் தருவதற்காக ரிப்பன் கட்டி வைத்திருந்த கோடரியை வெர்னா எடுத்தாள்.

"வெர்னா, அந்தக் கோடரி பரிசு..."

"விருந்தாளி எங்கே? தீயை வேடிக்கை பார்க்க ஓடிட்டான். கேனைப் பிடி."

முதல் வெட்டில் கவசம் இரண்டாகப் பிளந்தது. நானும் சமையல்காரியும் துண்டுகளை வாரி வாரி பால் கேன்களில் போட்டோம். விரல் மரத்துப்போனது. க்ளெம் அண்டாக்களை வண்டியில் ஏற்றிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். உடனே இறங்கினார்.

"போக முடியாது."

"இப்ப என்ன?"

"முன்னாடி பாரு."

கதவை அடைத்துக்கொண்டு ஒரு பழங்காலத் தீயணைப்பு வண்டி நின்றது. சிவப்பும் தங்கமும், மரச் சக்கரம், பித்தளை மணி. பென்சில்வேனியாவிலிருந்து வந்த ஆர்வில் ஸ்டோல்ட்ஸ் என்பவருடையது. அதைக் கிளப்ப முன்புறம் செருகிச் சுழற்றுகிற இரும்புக் கைப்பிடி வேண்டும். யாரும் தொட்டுவிடக் கூடாதென்று அதை அவர் எந்நேரமும் தன் பையிலேயே வைத்திருப்பார். அந்தப் பையோடும் சினிமா கேமராவோடும் அவர் ஸ்லேட் தெருவுக்குப் போய்விட்டார்.

"தள்ளுவோம்," என்றாள் வெர்னா.

"அது யானை மாதிரி கனக்கும். நம்மகிட்ட ஆளு எங்கே?"

ஆள் என்று பார்த்தால் நாங்கள் மூவர், சமையல்காரி, கம்பு ஊன்றி நடக்கிற இரண்டு கிழவர்கள், மறைந்த உறுப்பினர்களுக்காக மறுநாள் ஜெபம் சொல்ல வந்திருந்த பாதிரியார்.

"கர்த்தர் நமக்கு..." என்று ஆரம்பித்தார் பாதிரியார்.

"ஃபாதர், அது அப்புறம். இப்பத் தோளைக் கொடுங்க."

கொடுத்தார். சக்கரத்துக்கு வைத்திருந்த கட்டையை எடுத்துவிட்டுத் தள்ளினோம். அசையவில்லை. மறுபடி தள்ளினோம். கிழவர்களில் ஒருவர் இருமத் தொடங்கினார். "நீ நகரு, செத்துகித்து வைக்காதே," என்று மற்றவர் அவரை விலக்கிவிட்டு அவர் இடத்தில் நின்றுகொண்டார். மூன்றாம் தரம் சக்கரம் ஒரு விரற்கடை உருண்டது. அப்புறம் தானாகவே உருண்டு, கதவுச் சட்டத்தில் பக்கத்தை உரசிக்கொண்டே போனது. தங்க வேலைப்பாடு நீளமாக உரிந்து தரையில் விழுந்தது. குலுங்கியதில் பித்தளை மணி அடித்துக்கொண்டது.

"ஸ்டோல்ட்ஸ் அழுதுருவான்," என்றார் க்ளெம்.

"அழட்டும். ஏறு."

வண்டியில் நான் நடுவில், வெர்னா ஜன்னலோரம். மடியில் ரேடியோ. நான்காம் மணி என்றது அந்தப் பெண்குரல். வெர்னா அதை அணைக்கவும் இல்லை, சத்தம் கூட்டவும் இல்லை.

"லென்னி விவரம் தெரிஞ்சவன்," என்றேன் நான்.

"அவன் விவரம் எனக்குத் தெரியாதா? வேலை கிடக்கும்போது உட்காரவே மாட்டான். சின்னதுலேருந்து அப்படித்தான், சாப்பிடக்கூட உட்கார மாட்டான். நான்தான் வில்லையைப் பிடுங்கி மாட்டி உட்காரவைப்பேன்."

"கேப்டன் இருக்காரு இல்ல?"

"கேப்டன் நாப்பது பேரைப் பார்க்கணும். எனக்கு அவன் ஒருத்தனைப் பார்த்தாப் போதும்." முன்னால் எட்டிப் பார்த்து, "க்ளெம், அந்தச் சிவப்பு விளக்குக்கு ஏண்டா நிக்கிற?" என்றாள்.

ஸ்லேட் தெருவின் முனையிலேயே வண்டி நின்றுவிட்டது. தெருவின் இரண்டு பக்கமும் கார்கள், நடைபாதையிலும் கார்கள். எந்தெந்த மாநிலத்து நம்பர்ப் பலகையோ எல்லாம் இருந்தது. கார்களின் கூரைமீது எங்கள் மாநாட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கள் விருந்தாளிகள் நின்றார்கள். கழுத்தில் இரண்டு கேமரா, மூன்று கேமரா. இன்ன வண்டி இன்ன வருஷத்து மாடல், இந்தப் புகையின் நிறத்துக்கு இன்ன அர்த்தம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அத்தனையும் சரியாகத்தான் சொன்னார்கள்.

"காரை எடுங்க! தண்ணி வண்டி வருது!" க்ளெம் ஹாரனை அழுத்திக்கொண்டே கத்தினார்.

"எப்படி எடுக்கறது? பின்னாடி இன்னொருத்தன் நிறுத்தியிருக்கான்," என்று ஒருவர் கூரைமேலிருந்து வருத்தமாகவே சொன்னார். "நல்ல வண்டியாச்சே இது. கோப்பை உங்களுக்குத்தான்னு பேசிக்கிட்டாங்க."

வெர்னா இறங்கி ஒரு பால் கேனைத் தூக்கினாள். அறுபத்தாறு வயது அவளுக்கு. நான் இன்னொன்றைத் தூக்கினேன். நடக்க நடக்க அது முழங்காலில் இடித்தது. புகை தொண்டையைப் பிடித்தது. எதிரே கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல் ஒருவர் பின்னோக்கி நடந்து வந்து என்மேல் மோதினார். ஆர்வில் ஸ்டோல்ட்ஸ்தான்.

"பார்த்து வாங்கம்மா! ஆமா, நீங்க எப்படி வண்டியை வெளியே... என் வண்டி கதவுல நின்னுச்சே?"

"தள்ளிட்டோம்," என்றாள் வெர்னா.

"தள்ளிட்டீங்களா? கையாலயா? உரசாமத்தானே?"

"உரசிருச்சு. இதைப் பிடிங்க."

"என்ன, எவ்வளவு தூரம் உரசி..."

"மிஸ்டர் ஸ்டோல்ட்ஸ், என் பையன் உள்ள இருக்கான். பிடிங்க இதை."

அவர் கேமராவைக் கழற்றி யாரோ ஒருவரின் காரின்மேல் வைத்துவிட்டுக் கேனை வாங்கிக்கொண்டார். "இறங்குங்கடா! எல்லாரும் இறங்குங்க! தூக்க ஆள் வேணும்!" என்று கூரைகளைப் பார்த்துக் கத்தினார். சிலர் இறங்கி ஓடிவந்தார்கள். சிலர் இறங்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒருவர்கூட இல்லை. முதலில் என் கண்ணில் பட்டது அதுதான். எங்கள் வண்டி நிற்கிற எந்தத் தீயிலும் பத்துப் பேராவது நடைபாதையில் கோட்டைத் திறந்துபோட்டு உட்கார்ந்து, காபி கசக்கிறது என்று வெர்னாவை வம்புக்கு இழுத்துக்கொண்டிருப்பார்கள். இங்கே எல்லாரும் நின்றுகொண்டே இருந்தார்கள், சுவரில் சாய்ந்து, குழாயில் சாய்ந்து. ஒருவர் ரப்பர்க் குழாயின் இணைப்பில் கசிகிற தண்ணீரைக் கையில் ஏந்தி நக்கிக்கொண்டிருந்தார். கேனைப் பார்த்ததும் என் கையிலிருந்து பிடுங்கினார்கள்.

"ஒவ்வொருத்தரா, ஒவ்வொருத்தரா! மெதுவாக் குடி, வாந்தி வரும்!" என்றேன்.

வெர்னா யாருக்கும் ஊற்றவில்லை. முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு போனாள்.

"லென்னி எங்கே? ஏணி வண்டி ஆளுங்க எங்கே?"

"வெர்னா, இங்கேயே நில்லுங்க," என்று வந்தார் கேப்டன் மெக்நல்டி. முகம் முழுக்கக் கரி. "பக்கவாட்டு வாசல் வழியா வந்துட்டிருக்காங்க. நில்லுங்க."

"வந்துட்டிருக்கானா, கொண்டுவராங்களா?"

கேப்டன் பதில் சொல்வதற்குள் வந்துவிட்டார்கள். இரண்டு பேர் அவனுடைய தோள்களைப் பிடித்திருந்தார்கள். பூட்ஸின் முன்பக்கம் தரையில் கோடு போட்டுக்கொண்டு வந்தது. தலைக்கவசம் இல்லை. படுக்கவைத்துக் கோட்டைக் கிழித்துத் திறந்தார்கள். வெர்னா அவன் பக்கத்தில் மண்டியிட்டு நெற்றியைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள், சட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

"டெல்லா."

"சொல்லு."

"இவனுக்கு வேர்க்கல. காஞ்சு கிடக்கான். வேர்வையே இல்ல டெல்லா."

சூட்டில் உடம்பு வேர்ப்பதை நிறுத்திவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று எங்கள் இருவருக்கும் தெரியும். கேனில் கைவிட்டு ஐஸை அள்ளினோம். கழுத்தில், அக்குளில், தொடையிடுக்கில் வைத்தோம். வைத்த துண்டுகளில் ஒன்றில் எங்கள் சங்கத்துப் பெயரின் இரண்டெழுத்து இன்னும் உருகாமல் இருந்தது. வெர்னா ஒரு குவளையை அவன் உதட்டில் வைத்தாள். தண்ணீர் வாயோரமாய் வழிந்து காதுக்குள் போனது.

"விழுங்குடா. லென்னி, டேய், அம்மா வந்துட்டேன். பார். லேட்டாயிருச்சு, வந்துட்டேன். விழுங்கு."

அவன் கண்ணிமை ஒரு தடவை நடுங்கியது. நான் பார்த்தேன். வெர்னாவும் பார்த்தாள். அதற்குள் ஆம்புலன்ஸ்காரர்கள் அவளை விலக்கிவிட்டார்கள்.

"கூட வரேன்," என்றாள்.

"உள்ள இடமில்லம்மா, இன்னும் ரெண்டு பேரை ஏத்தணும். பின்னாடி வந்துருங்க."

பின்னால் போக வண்டி வேண்டும். எங்கள் வண்டி தெரு முனையில், விருந்தாளிகளின் கார்களுக்கு நடுவில் சிக்கி நின்றது. ஆம்புலன்ஸே அந்தக் கார்களுக்கிடையில் முன்னும் பின்னும் திரும்பித்தான் வெளியே போனது. ஸ்டோல்ட்ஸ் வியர்வை ஒழுக அதன் முன்னால் ஓடிப்போய், கார்களின் பக்கக் கண்ணாடிகளைக் கையால் மடக்கி மடக்கி வழிவிட்டுக்கொண்டிருந்தார்.

வெர்னா குவளையோடு கேப்டன் மெக்நல்டியின் பக்கம் திரும்பி, அவர் கோட்டின் முன்பக்கத்தை ஒரு கையால் கொத்தாகப் பிடித்தாள்.

"நீங்க கூடத்தானே இருந்தீங்க? உங்க கண்ணு முன்னாடிதானே போய்ப் போய் வந்தான்? உக்காருடான்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா? ஒரே ஒரு வார்த்தை?"

அவர் அவள் கையை விலக்கவில்லை.

"சொன்னேன், வெர்னா. ஒவ்வொரு தடவை வெளியே வந்தப்பவும் சொன்னேன். 'அம்மா வண்டி இப்ப வந்துரும், வந்ததும் உக்கார்றேன்'னு சொல்லிச் சொல்லித்தான் திரும்ப உள்ள போனான்."