சாமி மூடை

சாமி மூடைகளை ஞானபாக்கியம் எண்ணுவதில்லை.

மற்ற மூடைகளை எண்ணுவாள். ஒவ்வொரு மார்ச் முடிவிலும் மிளகாய் வத்தல் மண்டிகளுக்குத் தானே போவாள். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒவ்வொரு அடுக்கையும் தொட்டு எண்ணி, வியாபாரி சொன்ன இருப்போடு ஒப்பிடுவாள். தூத்துக்குடியில் விற்பனை வரிக் கணக்கு எழுதுகிறவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். அவர்கள் வியாபாரி சொன்னதை எழுதினார்கள். அவள் எண்ணியதை எழுதினாள்.

மண்டியின் கிழக்கு மூலையில் சில மூடைகள் தனியாக இருக்கும். மஞ்சள் பூசியிருக்கும். வருகிற லோடில் ஒன்றை ஊர் அம்மனுக்கு என்று எடுத்து வைப்பது அந்த வியாபாரிகளின் வழக்கம். விற்ற காசு கோவிலுக்குப் போய்விடும். அதனால் அது வியாபாரியின் விற்பனையில் சேராது; அதற்கு வரியும் இல்லை. அந்தப் பக்கம் யாரும் செருப்போடு போக மாட்டார்கள். ஞானபாக்கியம் செருப்பைக் கழற்றிவிட்டும் போனதில்லை. சர்ச்சுக்குப் போகும் வேதக்காரியான தான் இன்னொருவர் சாமியின் பொருளில் கை வைப்பது சரியில்லை என்று நினைத்தாள்.

முதல் வருஷம் அது மரியாதை.

யுத்த காலத்தில் அவள் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கு எழுதினாள். யுத்தம் முடிந்ததும் ஆண்கள் திரும்பி வந்தார்கள். அவளை அனுப்பிவிட்டார்கள். கல்யாணம் ஆகவில்லை. ஒரு அரிசிக் கடையின் மாடியில் அறை பிடித்து, வரிக் கணக்கு எழுதப்படும் என்று பலகை மாட்டினாள். ஆறு மாதம் யாரும் படி ஏறவில்லை. பிறகு வத்தல் மண்டி ஆறுமுகநயினார் வந்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். நாலு வருஷத்தில் அந்தத் தெருவின் வத்தல் மண்டிகள் பெரும்பாலும் அவளிடம் இருந்தன. படித்த பெண்ணை வேறு எப்படி அழைப்பது என்று தெரியாமல், பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் வேலை பார்க்காத அவளை எல்லோரும் டீச்சரம்மா என்றார்கள்.

கையெழுத்துப் போடும் முன் கணக்கின் மேல் கை வைத்து ஒரு நிமிஷம் கண்ணை மூடுவாள். வியாபாரிகள் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இந்தச் செய்தி வரி ஆபீஸ் வரை போயிருந்தது.

ஏப்ரலில், உச்சி வெயிலில், ஒரு பெரியவர் மாடி ஏறி வந்தார். குமாஸ்தா இனிகோ நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காருங்க அண்ணாச்சி. எந்த மண்டி?"

"மண்டியுமில்ல கிண்டியுமில்ல. நான் ஓட்டப்பிடாரத்துக்கு அங்கிட்டு. அம்மன் கோவில் தர்மகர்த்தா. வீரபாகு."

"கோவிலுக்கும் வரி போட்டுட்டானா?"

"போட்டா குடுக்க என்னடே இருக்கு அங்கன?"

அவர் ஞானபாக்கியத்தின் பக்கம் திரும்பினார். "ஆறுமுகநயினாருக்கு நான் மாமன் முறை. நான் சொன்னா கேக்க மாட்டுக்கான். நீங்க சொன்னா கேப்பான்னாவ. கோவில் கூர ஒழுகுது. போன மழையில அம்மன் நனஞ்சுபோயி நிக்கா. வருசத்துக்கு ஒரு மூடைக் காசாவது போடச் சொல்லுங்கம்மா."

"சாமி மூடை தனியா எடுத்து வைக்காங்களே."

"எங்கன?"

"மண்டியில. கிழக்கு மூலையில."

"அப்படியா?" வீரபாகு முன்னால் சாய்ந்தார். "எத்தன கெடக்கு?"

ஞானபாக்கியம் பேனாவைக் கீழே வைத்தாள். இனிகோ அவளைப் பார்த்தான்.

"எண்ணலை" என்றாள்.

"எண்ணலியா? தூசி தும்பைக்கூட எண்ணுவியன்னு சொன்னாவ!" அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "யுத்தத்துக்கு முந்தி ஏதோ வந்துச்சு. பொறவு ஒண்ணும் கெடையாது. கேட்டா, யாவாரம் சரியில்ல மாமாங்கான்."

அவர் போனதும் அவள் ஆறுமுகநயினாரின் மண்டிக்குப் போனாள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். கிழக்கு மூலையில் செருப்பைக் கழற்றினாள். பெண்களின் பேச்சு நின்றது.

அது மூலை இல்லை. மஞ்சள் பூசிய அடுக்குக்குப் பின்னால் சுவர் இருக்கும் என்று நினைத்திருந்தாள். சுவர் இல்லை. உள்ளே ஓர் அறை. அறை நிறைய மூடைகள். உள்ளே இருந்தவற்றில் மஞ்சள்கூட இல்லை.

"டீச்சரம்மா! வெயில்ல வந்திருக்கிய." ஆறுமுகநயினார் கணக்குப் பெட்டியை விட்டு எழுந்து வந்தார். "ஏளா சீனித்தாய், டீச்சரம்மாவுக்கு ஒரு கலர் வாங்கிட்டு வா."

"அண்ணாச்சி, இது எதுவும் கோவிலுக்குப் போகலை."

"மாமா வந்தாரா? அவருக்குக் கோவில் கொட நடத்தணும், மேளம் அடிக்கணும். வேற என்ன சோலி?"

"போகலைதான?"

"போகும். அம்மன் என்ன நாளைக்கே வேணும்னா கேக்கா?"

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலியே." அவர் கோபப்படவில்லை. "வருசா வருசம் இங்கன வருவிய. இந்தப் பக்கம் பாப்பிய. மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போயிருவிய. டீச்சரம்மாவுக்குத் தெரியும், மரியாதைக்குக் கேக்காம போறாவன்னு நான் நெனச்சேன்."

"எனக்குத் தெரியாது."

"சரி, தெரியாது" என்றார். அழுகிற பிள்ளையிடம் பேசும் குரல்.

அவள் செருப்பைத் தேடினாள். அது காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

"இதுக்குப் போயி மொகம் வாடலாமா? ஒங்களுக்கு இத்தன மண்டி எப்படி வந்துச்சு? நான்தான அனுப்பிவிட்டேன். டீச்சரம்மாகிட்ட போங்கல, சாமி மூடைய எண்ண மாட்டாவன்னு."

கலர் சோடா வந்தது. வாங்கிக் குடித்தாள். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை.

சென்ற ஸ்தோத்திரப் பண்டிகையில் அவள் சபை முன்னால் எழுந்து சாட்சி சொல்லியிருந்தாள். ஒரு மண்டியோடு ஆரம்பித்தேன், கர்த்தர் ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு வந்தார் என்று சொன்னாள். சபையார் ஸ்தோத்திரம் என்றார்கள். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள்.

கூட்டிக்கொண்டு வந்தவர் ஆறுமுகநயினார்.

அன்று சாயங்காலம் முழங்கால் போட்டாள். இரண்டாவது வருஷம் அந்த அடுக்கு உயர்ந்திருந்ததைப் பார்த்தது ஞாபகம் வந்தது. எண்ண வேண்டியது குறைந்தது என்று அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுவும் ஞாபகம் வந்தது. எழுந்துவிட்டாள்.

அந்த வருஷத்துக் கணக்குகள் ஏற்கனவே வரி ஆபீசில் இருந்தன. அந்த வாரமே அவற்றின் மேல் வழக்கமான விசாரணை. அவள் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு போனாள். "சார், இந்தக் கணக்குகள் தவறு." அவ்வளவுதான்.

பெஞ்சில் வியாபாரிகளும் கணக்கப்பிள்ளைகளும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி ஒரு வெங்காய வியாபாரியை நிற்க வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். தஞ்சாவூர்க்காரர். நல்ல மனிதர் என்று பெயர். அவளைக் கண்டதும் உட்காரச் சொன்னார்.

"ஓய், இந்த அம்மாவைப் பாரும்" என்றார் வெங்காய வியாபாரியிடம். "மூட்டையைத் தொட்டு எண்ணறா. பிரார்த்தனை பண்ணிட்டுக் கையெழுத்துப் போடறா. இவா கணக்கை நான் திறந்து பார்க்கறதே இல்லை. திறந்தா எனக்குத்தான் பாவம்."

பெஞ்சில் சிரிப்பு எழுந்தது. அவளுடைய மண்டிக்காரர்கள் சிலரும் அங்கே இருந்தார்கள். அவர்கள் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தார்கள்.

அதிகாரி அவளுடைய கணக்குகளில் கையெழுத்துப் போட்டார். ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார். வாக்கியம் அவள் வாயில் இருந்தது.

"தாங்க்யூ சார்" என்றாள். எழுந்து வெளியே வந்தாள்.

பாதிப் படியில் வெங்காய வியாபாரி பின்னாலேயே ஓடி வந்தார். வேர்த்திருந்தது.

"டீச்சரம்மா, என் கணக்கையும் எடுத்துக்கிடுங்க. இப்பிடி ஏச்சு வாங்க முடியல." குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் சாமி மூடை உண்டும்மா. இல்லன்னாலும் வச்சிருவோம்."

அவள் அவரைத் தாண்டித் திரும்ப மேலே ஏறினாள்.

அதிகாரி காபிக்காக எல்லோரையும் வெளியே அனுப்பியிருந்தார். அவள் நின்றுகொண்டே சொன்னாள். மூலை, அறை, மஞ்சள், நாலு வருஷம். அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"வேறே யார்கிட்டயாவது சொன்னேளா?"

"இல்லை சார்."

"அப்போ சொல்லாதேங்கோ. வர்ற வருஷத்திலேருந்து எண்ணிடுங்கோ. போனது போகட்டும்." கதவைப் பார்த்தார். "நாலு வருஷமா நான் திறக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கேன். இது உங்களோட மட்டும் போயிடுமா?"

அவரைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. தன் வெட்கத்தையே பார்த்துக்கொண்டு ஏறி வந்திருந்தாள். இப்போது அவருடைய சட்டையின் கிழிந்த காலரைத் தைத்துப் போட்டிருப்பது கண்ணில் பட்டது. வர்ற வருஷம் என்று அவர் சொன்னது கேட்க நன்றாக இருந்தது. சரி என்று சொல்லிவிட்டால் கீழே போய்விடலாம்.

"சார், இப்ப பெஞ்சில எல்லார் முன்னாலயும் ஒரு வார்த்தை சொன்னீங்க. அதை நான் வாங்கிக்கிட்டுப் போயிட்டேன். திருப்பிக் கொடுக்க வேற வழி தெரியலை."

அவர் தம்ளரை ஓரமாக நகர்த்தினார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

"எழுதிக் கொடுங்கோ."

அவள் குனிந்து நின்றபடியே எழுதினாள். உட்காரச் சொல்வார் என்று ஒரு கணம் காத்திருந்தது தெரிந்து, அதற்கும் வெட்கப்பட்டாள்.

வரி ஆபீசார் மண்டிகளின் பழைய வருஷக் கணக்குகளையும் சேர்த்துத் திறந்தார்கள். அதிகாரிக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது என்று பேசிக்கொண்டார்கள். வியாபாரிகள் ஆள் அனுப்பித் தங்கள் கணக்குக் கட்டுகளை எடுத்துக்கொண்டார்கள். இனிகோ ஒவ்வொன்றையும் தூசி தட்டிக் கொடுத்தான்.

"தைரியமா கொண்டு போங்க அண்ணாச்சி. எண்ணவே தெரியாதவன் எவனாவது அம்புடுவான்."

ஆறுமுகநயினார் ஆள் அனுப்பவில்லை. தானே வந்தார். திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"ஒங்கள நம்பித்தான இருந்தோம்" என்றார்.

அது உண்மை. ஆறு மாதம் யாரும் ஏறாத படியில் முதலில் ஏறியவர் அவர்தான். கணக்குக் கட்டை அவளே எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் படி இறங்குவதைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

"பலகைய எறக்கிரட்டுமா அக்கா?" இனிகோ கேட்டான்.

"எதுக்கு?"

"இல்ல, வெயில்ல சும்மா காயுதேன்னு கேட்டேன்."

"காயட்டும்."

அவள் சின்னக் கடைகளாக ஏறி இறங்கினாள். கணக்கு எழுதித் தருகிறேன், இருக்கிற எல்லாவற்றையும் எண்ணுவேன் என்று முதலிலேயே சொன்னாள். சிலர் சிரித்தார்கள். ஒருவர், எங்களை எப்போது காட்டிக் கொடுப்பீர்கள் என்று கேட்டார். வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போனாள்.

ஆலந்தலைக் கருவாட்டு வியாபாரி தேவபிரசாதம் மட்டும் தன் கணக்கைக் கொடுத்தார். நாற்றத்துக்குப் பயந்து வேறு யாரும் அவர் கொட்டகைக்குள் வருவதில்லை.

"நீங்க எண்ணுனா எண்ணிக்கிடுங்க. எனக்கு எண்ண நேரமில்ல" என்றார்.

இரண்டு நாள் எண்ணினாள். கையெழுத்துப் போடும்போது கண்ணை மூடவில்லை. ஜெபத்தை அவள் விடவில்லை. வீட்டில், யாரும் பார்க்காமல், முழங்கால் போட்டாள். வெட்கம் கூடவே வந்து பக்கத்தில் இருந்தது. அதை வெளியே விட்டுவிட்டு வர அவளுக்குத் தெரியவில்லை. அப்படியே ஜெபித்தாள்.

அடுத்த வருஷத்து விசாரணை அன்று பெஞ்சில் கடைசியாக உட்கார்ந்தாள். மத்தியானத்துக்கு மேல் கூப்பிட்டார்கள். அதே அதிகாரி. அவள் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினார். கட்டைப் பிரித்ததும் கருவாட்டு வாடை அறை முழுக்கப் பரவியது. பெஞ்சில் யாரோ தும்மினார்கள். அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

முதல் வரியில் விரலை வைத்தார்.

"இது ஒண்ணா, ஏழா?"

"ஏழு சார்."

"ரசீது?"

எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அடுத்த வரி. அதற்கும் ரசீது கேட்டார். பின்னால் பெஞ்சில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. முகம் சுட்டது. அவர் உட்காரச் சொல்லவில்லை. அவள் மேஜை ஓரத்தில் கை ஊன்றாமல் நின்றாள்.

அவர் பக்கத்தைத் திருப்பினார். அவள் அடுத்த ரசீதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.