வால்வுக்குள் பாதி எட்டு

வீல் ஸ்பானர் முதலில் விழுந்தது தம்பியின் வலது கையில். மூன்று விரல்கள் முறிந்த சத்தம் பட்டறை முழுக்கக் கேட்டது. பயப்படாதீர்கள் கண்ணுகளா, ஆள் சாகவில்லை. ஆனால் அதற்குக் கொஞ்சமும் குறையாத அடி.

"டீசலை எவனுக்குடா வித்த? சொல்லுடா!"

அடிப்பவன் கூடப்பிறந்த அண்ணன், லாரிக்குச் சொந்தக்காரன். பதினெட்டு வருஷத்து லாரி. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் ஓடியது, இரண்டே மாதத்தில் இரண்டரைக்கு இறங்கிவிட்டது. ஓட்டுபவன் தம்பி. அப்புறம் வேறு யார் திருடன்?

"வண்டி இழுக்கலண்ணே, கரும்புகையா கக்குதுன்னு பத்து தடவை சொன்னேன்..."

"இப்ப நீ கக்குடா!" முகத்தில் ஒரு குத்து. தம்பி டயர்க் குவியல் மேல் போய் விழுந்தான். வாயெல்லாம் ரத்தம்.

மெக்கானிக் ஓடிவந்து அண்ணனை இடுப்போடு கட்டிப் பிடித்தார். விலாவில் முழங்கை இடி வாங்கியும் விடவில்லை.

"யோவ், வண்டியப் பாக்க விடுய்யா. அவன் திருடன்னா நானும் சேந்து ரெண்டு போடறேன்."

வெளியே போகும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி இன்ஜினுக்கே அனுப்பும் வால்வு ஒன்று உண்டு. வேண்டும்போது திறந்து, மற்ற நேரம் மூடிக்கொள்ள வேண்டும். அதைக் கழற்றினார். உள்ளே கரி அப்பிக் கிடந்தது. மூட விடாமல் ஏதோ குறுக்கே மாட்டியிருந்தது. இடுக்கியால் நெம்பி இழுத்தார். ஒரு துண்டு இரும்புத் தகடு. துடைத்ததும் புடைத்த எண் ஒன்று தெரிந்தது. பாதி எட்டு.

லாரியின் பழைய நம்பர் பிளேட்டில் வெட்டிய துண்டு. அந்தப் பிளேட் கிடந்தது அண்ணனின் கட்டிலுக்கு அடியில்.

"புகை இன்ஜினுக்குத் திரும்பி வர்ற வழிய அடைச்சா டீசல் மிச்சமாகும்னு ஒருத்தன் சொன்னான்," என்று முனகினான் அண்ணன். "நாந்தான் வெட்டி வச்சேன்."

"அது உடைஞ்சு வால்வுக்குள்ள போயிருக்கு. ரெண்டு மாசமா வண்டி தன் புகையத் தானே குடிச்சிட்டிருக்கு. டீசல் திருடன் நீதான்யா!"

கரியைச் சுரண்டி, புது கேஸ்கெட் வைத்து மாட்டினார். ஸ்டார்ட் செய்ததும் கரும்புகை இல்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம். ஏறுடா தம்பி," என்று கை நீட்டினான் அண்ணன்.

தம்பி இடது கையால் விட்டான் ஓர் அறை. அண்ணன் பம்பரில் மோதிச் சரிந்தான். அவன் உள்ளங்கையைப் பிடித்து இழுத்து, உடைந்த பல்லை அதில் துப்பினான் தம்பி.

"இந்தா. இதையும் எங்கயாவது வச்சு அடை. டீசல் மிச்சமாகும்."

முறிந்த கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு ரோட்டில் இறங்கி நடந்தான். பின்னாலேயே அண்ணன் லாரியை முதல் கியரில் உருட்டிக்கொண்டு போனான், ஹாரன் அடிக்கக்கூடத் துணியாமல். வண்டி நன்றாகவே இழுத்தது.