வாயோரத்து நூல்

இழுக்கலாமா, வேண்டாமா... அறுந்த இழையைக் கண்டால் உடனே இழுத்து முடிச்சுப் போடுகிற கை இது, பொதட்டூர்பேட்டைத் தறியில் பழகிய கை, சும்மா இருக்கிறதா பார். எலியேசர் விரல்களை மடக்கிக்கொண்டான். கண்ணாடித் தொட்டிக்குள் மனைவி கிருபா வளர்க்கும் கொம்புத் தவளை, அதன் வாயோரத்தில் ஒரு பச்சை நூல், உள்ளே எவ்வளவு போயிருக்கிறதோ, இழுத்தால் குடலும் சேர்ந்து வந்துவிடுமோ... கர்த்தரே, அவள் வீடு வந்து சேருவதற்குள் எப்படியாவது இதைக் கக்கவைத்துவிடும். தொட்டிக்கு அடியில் தேங்காய் நார்த்தூள்தான் போடச் சொன்னாள், அரக்கோணத்துக்கு, அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போதுகூட, "பாயும்போது கீழ இருக்கிறதையும் சேத்து முழுங்கும், கல்லு கில்லு போட்டுடாதீங்க" என்று. கல்லா போட்டான்? நார்த்தூள் தீர்ந்துபோயிற்று, தறியில் வெட்டிப்போட்ட நூல் மெத்தென்று இருந்தது, பிள்ளைக்கு விரிப்பதுபோல் பார்த்துப் பார்த்து விரித்தான், பெரிய புத்திசாலி என்று நினைப்பு வேறு! காலையில் கரப்பானை விட்டதும் லபக்கென்று பாய்ந்து ஒரு வாய் நூலோடு விழுங்கிற்று.

தண்ணீரில் மட்டும் தப்பில்லை, பிளீச்சிங் வாடை போக நேற்றே பக்கெட்டில் பிடித்துவைத்த தண்ணீர், அதில்தான் வயிறு நனைய உட்காரவைத்திருக்கிறான், அசைவேனா என்கிறது. மாட்டு டாக்டருக்குப் போன் போட்டால், "தவளைக்கா?" என்று சிரிக்கிறார். சிரிப்பார், அவருக்கென்ன... கர்ப்பம் கலைந்தபின் வாயே திறக்காமல் கிடந்தவள் இந்தத் தவளைக்குக் குண்டன் என்று பேர் வைத்து இதனிடம்தானே முதலில் பேசினாள், கட்டின புருஷனிடமா பேசினாள்? இது செத்தால் வந்த காலோடு திரும்பிப் போய்விடுவாள், நிச்சயம் போய்விடுவாள், அப்புறம் இந்த வீட்டில் அவனுக்கு என்ன இருக்கிறது?

போன் அடித்தது.

"கிருத்திகைக் கூட்டம்ங்க, பஸ்ஸ ஊருக்கு வெளியவே நிறுத்திட்டான். நடந்து வந்துகினு இருக்கேன்."

"கிருபா, குண்டன் வந்து..."

"அது கெடக்குது, நீங்க சாப்டீங்களா?"

இந்தக் கேள்வியைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று... தவளைக்காக இல்லை, அவனுக்காகத்தான் வருகிறாளா, அப்படியானால் நூல் விஷயத்தைச் சொன்னாலும் போகமாட்டாளோ, இல்லை, அதைக் கேட்டதுமே போய்விடுவாளோ... "என்னாங்க, பேசுங்க" என்றாள் கிருபா.