தோற்றவர் பெயரில் ஒரு பனியன்

1

இந்தக் கதை எனக்குத் திருப்பூர் காதர்பேட்டையில், மிச்சப்பட்ட ஏற்றுமதித் துணிகளைக் கொட்டி விற்கும் கடையொன்றில் கிடைத்தது. மஞ்சள் பனியன். நெஞ்சில் ஒரு டென்னிஸ் வீரரின் பெயர், அதன் கீழே ‘ஆண்கள் ஒற்றையர் சாம்பியன்’ என்று ஆங்கிலத்தில். டென்னிஸ் பார்க்கிற பழக்கம் இருப்பதால் சட்டென்று உறைத்தது. அந்த வருடம் சென்னையில் அவர் சாம்பியன் ஆகவில்லை, இறுதிப் போட்டியில் தோற்றார். (பெயரைச் சொல்ல மாட்டேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஏதோ ஒரு ஜனவரி. தோற்றவரை மறுபடி தோற்கடிப்பானேன்?)

தொழில் தெரிந்த நண்பரிடம் கேட்டேன்.

“ஃபைனலுக்கு வந்த ரெண்டு பேருக்கும் முன்னாடியே அடிச்சு வெச்சிருவாங்க. மேட்ச் முடிஞ்சதும் ஜெயிச்சவன் பனியன் மெட்ராஸ் வண்டி ஏறிரும். தோத்தவன் பனியனை வெட்டி வேஸ்ட்ல போட்டுருவாங்க. ஒண்ணுகூட வெளிய வரக் கூடாதுங்க.”

ஒன்று வந்திருக்கிறதே. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. நானே எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: ‘அருள்புரத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை மெஷின்கள் எல்லாம்—’

வேண்டாம். மெஷின் சத்தத்தில் தொடங்கும் திருப்பூர்க் கதைகள் போதும்.

இரண்டாவது: ‘அந்தோணிராஜுக்கு டென்னிஸ் தெரியாது.’

இது இருக்கட்டும். அந்தோணிராஜ் அந்தப் பனியன் கம்பெனியில் பிரிண்டிங் வேலை பார்ப்பவர், தூத்துக்குடிப் பக்கம். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட அவர் மகள் கோவை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள். இன்றைய பொழுதைத் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்கிறார் டாக்டர்.

அப்படியிருக்க இந்த மனிதர் ஏன் கம்பெனியில் நிற்கிறார்? இந்தக் கேள்வியில் பல நாள் மாட்டிக்கொண்டு கிடந்தேன். உள்ளே தாய் நதியாவை மட்டும்தான் விடுகிறார்கள். வராந்தாவில் சும்மா உட்கார இவரால் முடியவில்லை, கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. (நம்ப முடியவில்லையா? அப்படியொரு வராந்தாவில் நீங்கள் உட்கார்ந்ததில்லை. நல்லது.)

3

மதியம் மாமியார் சின்னத்தாய் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து போனில் கூப்பிடுகிறாள்.

“மருமவனே, பிள்ளைக்கு மூச்சு முட்டுது. நதியாவையே தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுக்கச் சொல்லட்டா? ஆபத்துன்னா யாரும் குடுக்கலாம்னு சாமியாரே சொல்லியிருக்காரு.”

அந்தோணிராஜின் முன்னால் இரண்டு அடுக்குப் பனியன்கள். இரண்டு பெயர்கள். இரண்டுமே சாம்பியன்.

“வேண்டாம் அத்தை. தோக்கதுக்கும் சேத்து அடிச்சு வைக்கது பனியனுக்குத்தான். எம் பிள்ளைக்கு வேண்டாம். வீட்டுக்கு வரட்டும், கோயில்ல வச்சுக் குடுப்போம்.”

“பெரிய பாவம்யா அது.”

“எந் தலையில இருக்கட்டும்.”

வாய் சொல்லிவிட்டது. பனியன் அடுக்கை மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார். ஞானஸ்நானம் இல்லாமலே பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்—

(அந்த வாக்கியத்தை முடிக்கப் பார்த்தேன். அவரை வைத்துக்கொண்டு அதை எழுத எனக்குப் பயமாக இருந்தது.)

4

சாயங்காலம் பேக்கிங் ஹாலில் டி.வி. ஓடியது. ஆட்டம் முடிந்தது. தோற்றவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சூப்பர்வைசர் மருதாசலம் ஜெயித்தவரின் பெட்டிகளை வண்டியில் ஏற்றச் சொன்னார்.

“ஏனுங்க அந்தோணி, மிச்சத்த ஒண்ணு உடாம வெட்டிப்போடுங்க. முடிஞ்சதும் நானே பைக்குல கோயமுத்தூர் கொண்டுபோயி உடறேன்.”

வெட்டினார். ஒவ்வொன்றாக, நெஞ்சுக்குக் குறுக்கே, பெயர் இரண்டாகும்படி. கடைசிப் பனியனில் கத்தரியை வைத்தபோது மேசைமேல் கிடந்த செல்போன் ஒலித்தது. ஆஸ்பத்திரி நம்பர்.

5

என் வீட்டு பீரோவில் இருக்கும் பனியனுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். போன் வந்தது, அவர் கத்தரியைக் கீழே வைத்தார், திரும்பி வரவில்லை. நல்ல சேதி கேட்டாலும் அப்படித்தான் ஓடுவார்கள். மற்றதைக் கேட்டாலும் அப்படித்தான்.

கம்பெனி வழக்கப்படி நானும் இரண்டு முடிவுகளை எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் கோயில், வெள்ளைக் கவுன், தண்ணீர் பட்டதும் வீரிட்டு அழும் பிள்ளை. இன்னொன்றைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பெற்றவரே வேண்டாம் என்றதை நான் எழுதி வைக்கக் கூடாது. மிஞ்சிய முதல் முடிவையாவது தரலாம் என்று பார்த்தேன். ஆட்டம் எப்படி முடிந்தது என்று தெரிந்தால்தானே ஜெயித்தவர் பெட்டியை வண்டியில் ஏற்றலாம்? எனக்குத் தெரியாது. அதையும் கிழித்தேன், மனசே இல்லாமல்.

என் கதையில் போன் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் எடுங்கள். எடுப்பதற்கு முன் கையிலிருக்கும் கத்தரியைக் கீழே வைத்துவிடுங்கள்.