வில்லோடு ஒரு மான்

அண்ணன் எகாட் சொன்னபடிதான் ஓவியக்காரி தெய்க்கு வரைந்தாள். மகள் ஷோகோவைப் பெண் கேட்டு டெஸ்கோகோ நகரத்துப் பெரிய வீட்டிலிருந்து தரகம்மா வருகிறாள். குடும்பப் படத்தைக் கொடுத்தனுப்ப வேண்டும். ஊரார் வம்சத்தையெல்லாம் வரைந்த கை, தன் புருஷனிடம் வந்ததும் தடுமாறியது.

புருஷன் மசாத் ஓட்டோமி என்ற மலைச்சாதிக்காரன். அந்த ஊரில் ஒருவனை மட்டி என்று திட்ட, "நீ என்ன ஓட்டோமியா?" என்று கேட்டாலே போதும். ஓட்டோமியை வரைந்தால் தோளில் மான்தோலும் கையில் வில்லும் போட்டாக வேண்டும். அண்ணன் சொல்லியிருந்தபடி தெய்க்கு இரண்டையும் விட்டுவிட்டாள். தங்கள் ஆட்களைப் போல வெள்ளைப் போர்வை போர்த்தி அவனைப் பாயில் உட்காரவைத்து, தலையிலிருந்து மெல்லிய கோடு இழுத்து ஒரு மான்தலையை மாட்டினாள். மசாத் என்றால் மான்தானே, அது போதாதா என்ன.

காட்டிலிருந்து வந்த மசாத் குனிந்து பார்த்தான்.

"இதுல நான் எங்கடி?"

"இந்தா, மான் போட்டிருக்கேனே."

"மான் தெரியுது. இந்த ஆளு யாரு, உங்கண்ணனா?"

தெய்க்கு நிமிரவில்லை. "வில்லப் பாத்தா அவங்க வேண்டாம்னுடுவாங்கய்யா. பொண்ணுக்காகத்தான்."

அவன் கோபித்திருந்தால் தேவலை. "சரி, இருக்கட்டும். புள்ள நல்லா இருந்தாப் போதும்" என்றவன், சப்பாத்திக்கள்ளிப் பழத்தை முள் நீக்கி உரித்து அவள் வாயில் ஊட்டினான். கை நிறையச் சாயத்தோடு உட்கார்ந்திருப்பவளுக்கு இத்தனை வருஷமும் அவன்தான் ஊட்டுகிறான். இப்படிப்பட்டவனையா மறைத்தோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

போர்வைக்காரன்மேல் சுண்ணாம்பைப் பூசினாள். காய்ந்ததும் மான்தோல், வில், அவனுடைய பெரிய மூக்கு எல்லாவற்றையும் வரைந்தாள்.

தரகம்மா வந்தாள். அவள் விரல் வில்லின்மேல் போய் நின்றது. எகாட் தங்கையை முறைத்தான்.

"அப்பா ஓட்டோமியா?" தரகம்மா குரலைத் தாழ்த்தினாள். "நல்ல சம்பந்தம், கெட்டுப்போகக் கூடாது. இந்த எடத்த மட்டும் உள்பக்கமா மடிச்சு ஒட்டிடலாம். யாருக்கும் தெரியாது."

தெய்க்கு வாய் திறப்பதற்குள் ஷோகோ படத்தை இழுத்துத் தரையில் நன்றாக விரித்தாள்.

"அப்பாவ மடிச்சா நானும் சேந்து மடிஞ்சிடுவேன் பெரியம்மா. அவர்கிட்டேர்ந்து அம்மா இழுத்த கோட்டுலதான் என்னைக் கட்டியிருக்காங்க. இப்படியே கொண்டுபோங்க. புடிச்சா வரட்டும்."

தரகம்மா மடிக்காமலே எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மசாத் எல்லாவற்றையும் கேட்டபடி வாசலில் பழத்துக்கு முள் எடுத்துக்கொண்டிருந்தான். எடுத்து முடித்த பழத்தையே திரும்பத் திரும்பத் தடவி, இல்லாத முள்ளைத் தேடிக்கொண்டிருந்தான்.