வாவல் மீன் குழம்பும் ஒரு பிரிட்டிஷ் பழக்கமும்

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. காரைக்கால் பஸ் ஸ்டாண்டிலிருந்து வரிச்சிக்குடி போகும் பேருந்தில் முன் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னதை ஒட்டுக்கேட்டேன். "லண்டன்லேந்து வந்தவளுக்கு நம்ம வூட்டு மீனு எறங்காதாம்." அவ்வளவுதான் கிடைத்தது. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: 'அந்தப் பல்கலைக்கழக நகரத்தின் மீது பனி ஒரு வெள்ளைப் போர்வையாக...'

வேண்டாம். நான் பார்த்த பனி மார்கழியில் நம் நெல் வயல் மேல் நிற்பதுதான். அதை வைத்துக்கொண்டு பிரிட்டனுக்குப் போர்வை தைக்க முடியாது.

இரண்டாம் தொடக்கம்: முத்தமிழ் வரிச்சிக்குடியில் பிறந்து, அமெரிக்காவில் சமூகவியல் பேராசிரியையாகி, அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கியவள். அங்கே அவள் துறையையே மூடிவிட்டார்கள். போன வருடம் பிரிட்டனில் வேலை கிடைத்துப் போனாள். அங்கே எல்லோருக்கும் அவள் 'அமெரிக்கக்காரி'. சத்தமாகச் சிரிக்கிறவள், கேட்க வேண்டியதை முகத்துக்கு நேரே கேட்கிறவள்.

புதுத் துறைத் தலைவர் ஒருமுறை, "நீங்கள் ஒருநாள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும்" என்றார். இவள் உடனே போனில் காலண்டரைத் திறந்து, "சனிக்கிழமை சௌகரியப்படுமா?" என்று கேட்டுவிட்டாள். அவர் தலையாட்டிவைத்தார். அவர் முகம் போன போக்கை இவள் கவனிக்கவில்லை. சனிக்கிழமை பழமும் ஸ்வீட் பாக்ஸுமாகப் போய் நின்றாள். கதவைத் திறந்த அவர் மனைவிக்கு வந்திருப்பது யார் என்றே தெரியவில்லை. அவரோ சுத்தமாக மறந்திருந்தார். அவசரமாக ரொட்டி சுட்டு, முட்டை பொரித்து, அன்பாகப் பேசி அனுப்பினார்கள். அந்த அன்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் யாரையும் பார்க்காமல் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டாள்.

அந்த ஊரில் தேதி சொல்லாத அழைப்பு வெறும் மரியாதை.*

அதன் பிறகு அவள் திருந்தினாள். யார் கூப்பிட்டாலும் "ஆஹா, அவசியம்" என்பாள், போக மாட்டாள். நன்றாகவே பழகிவிட்டாள்.

* பெண் பார்த்துவிட்டு "ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்" என்கிற ஜனங்களுக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டுமா? அமெரிக்கா போய் மறந்திருப்பாள். [இந்தக் குறிப்பைப் பத்திரிகையில் வெட்டச் சொல்வார்கள். இருக்கட்டும்.]

3

அண்ணன் கட்டிய புது வீட்டின் கிரகப்பிரவேசத்துக்காக முத்தமிழ் ஊருக்கு வந்தாள். பஸ் நிறுத்தத்துக் கடையில் அஞ்சுகத்தைப் பார்த்தாள். பிளஸ் டூ வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அஞ்சுகம் இப்போது அங்கன்வாடியில் சமைக்கிறாள்.

"ஏய் முத்து! ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு நாளு வூட்டுக்கு வாடி. மீன் கொழம்பு வச்சுப் போடுறேன்."

"ஐயோ, அவசியம் வர்றேன்டி."

"அப்ப ஞாயித்துக்கெழம?"

"ம்... பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை முத்தமிழ் தன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினாள். மறுநாள் அண்ணி தாமரைச்செல்விதான் விஷயத்தைச் சொன்னாள்.

"அஞ்சுகம் நேத்து கருக்களாச்சேரி கடக்கரைக்கே போயி வாவ மீனு வாங்கியாந்து கொழம்பு வச்சிருக்கா. நீ வருவேன்னு சாயங்காலம் வரைக்கும் ஒருத்தரும் சாப்புடலியாம்." பிறகு உள்ளறையில் படுத்திருந்த மாமனார், அதாவது முத்தமிழின் அப்பா தங்கையன் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினாள். "போவாததும் நல்லதுதான். மாமாவுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாங்க."

4

நிறுத்துகிறேன். முதல் பிரதியில் அண்ணி கடைசியாகச் சொன்னது கிடையாது, வெட்டியிருந்தேன். அஞ்சுகத்தின் வீடு காலனித் தெருவில் இருக்கிறது என்பதையும் எழுதவில்லை. சீமைப் பழக்கமும் நம்மூர்ப் பழக்கமும் முட்டிக்கொள்கிற சிரிப்புக் கதையாக முடித்துவிடலாம் என்று பார்த்தேன். வெட்டிய கை கூசுகிறது. நானும் தங்கையன் தெருக்காரன்தான்.

அண்ணி சொன்னதைக் கேட்டு முத்தமிழுக்கு உடம்பெல்லாம் குறுகிப்போனது. யார் வீட்டில் யார் சாப்பிடுவதில்லை, ஏன் சாப்பிடுவதில்லை என்று வருடக்கணக்காகப் பாடம் எடுத்தவள் அவள். 'நான் அதற்காகப் போகாமல் இருக்கவில்லை. அங்கே பழகிய பழக்கம்' என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். நல்ல காரணம், உண்மையும்கூட. ஆனால் 'போவாததும் நல்லதுதான்' என்று அண்ணி சொன்ன நொடியில் மனதின் ஒரு மூலையில் நிம்மதி எட்டிப்பார்த்ததே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அன்று மாலையே காலனித் தெருவுக்கு நடந்தாள். கையில் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. எதைக் கொண்டுபோனாலும் அசிங்கமாக இருக்கும் என்று பட்டது.

5

முடிவு அ: அஞ்சுகம் சிரித்து, "அட போடி" என்று கட்டிக்கொள்கிறாள். [எழுதிப் பார்த்தேன். அஞ்சுகம் நகர மாட்டேன் என்கிறாள்.]

முடிவு ஆ: வீடு பூட்டியிருக்கிறது. [எழுதுகிறவன் நழுவிக்கொள்ள வாகான முடிவு.]

முடிவு இ: அஞ்சுகம் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருக்கிறாள். முத்தமிழ் எல்லாவற்றையும் ஒப்பிக்கிறாள். துறைத் தலைவர், சனிக்கிழமை, ரொட்டி, முட்டை. அஞ்சுகம் பொறுமையாகக் கேட்கிறாள். கோபம் இருப்பதாகத் தெரியவில்லை.

"அந்த ஊருல அப்புடியாடி?"

"ஆமாடி. பழகிப்போச்சு."

"சரி. பள்ளிக்கொடம் போறப்ப எத்தன தடவ கூப்புட்டிருப்பேன்? அப்பயும் பாப்போம் பாப்போம்னுதானே சொல்லுவ. அது எந்த ஊருப் பழக்கம்?"

முத்தமிழுக்கு ஒரு நாடும் உதவிக்கு வரவில்லை. அஞ்சுகம் மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தாள்.

"சோறும் ரசமும் இருக்கு. போடவா?"

இந்த இடத்தில், சாப்பிட்டாள் என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். முத்தமிழுக்கு நிம்மதி. எனக்கும் உங்களுக்கும் அதைவிட நிம்மதி. அஞ்சுகத்துக்கு என்ன கிடைக்கும் என்று இத்தனை பிரதிகளில் ஒருமுறைகூட நான் யோசிக்கவில்லை. அந்த வரியை என் கையால் எழுத மாட்டேன்.

உங்களால் முடிந்தால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அஞ்சுகம் தட்டோடு நிற்கிறாள்.